படிப்பிக்கிறவரே புள்ளியும் போடும்போது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பெறுபேறு வெளியாகும் நாட்களில் திருநெல்வேலிப் பரமேஸ்வராச் சந்தியின் தேநீர்க்கடைகளில் காதைக் கொடுத்தால் போதும். கணிதம் படிப்பிக்கிறவர்களுக்கு மாணவர் போட்டிருக்கும் புள்ளி தெரிந்துவிடும். ஒருவர், ‘பெரிய கெட்டிக்காரன், ஆனா விளங்கப்படுத்தத் தெரியாது.’ இன்னொருவர், ‘நல்லா விளங்கப்படுத்துவார், ஆனா மார்க் போடமாட்டார்.’ மூன்றாமவரைப் பற்றிப் பேச்சே இல்லை, பெருமூச்சுத்தான்.

இன்று படிப்பிக்கும் எந்த விரிவுரையாளரின் பெயரும் இந்தக் கட்டுரையில் வராது. சந்திப் பேச்சை வைத்து ஒருவரின் தொழிலை எடைபோடக்கூடாது. அதற்காக அந்தப் பேச்சைக் காற்றோடு போகவிடவும் மனம் வரவில்லை. மூன்று நான்கு வருடம் ஒரு மண்டபத்தில் இருந்து கேட்ட பிள்ளையைவிட அந்த மண்டபத்தில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடியவர் வேறு யார்?

அந்தப் பேச்சை நிதானமாகக் கேட்டால் ஒன்று பிடிபடும். படிப்பித்தது பற்றிய முறைப்பாடும் புள்ளி பற்றிய முறைப்பாடும் எப்போதும் ஒன்றாகப் பின்னிக்கொண்டுதான் வருகின்றன. ‘மார்க் போடமாட்டார்’ என்ற குறையைக் கிண்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் ‘எதற்கு மார்க் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை’ என்பதாகவே இருக்கிறது. இது மாணவரின் குழப்பம் என்று தட்டிக்கழித்துவிட முடியாது. படிப்பிக்கிற ஆளே புள்ளியும் போடுவது நம்முடைய ஊர்க் கணிதப் படிப்பின் நீண்ட வரலாற்றில் மிகவும் பிந்தி வந்த ஏற்பாடு. நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வந்தபிறகுதான் அதை முதன்முதலாகச் சந்திக்கிறார்கள்.

வெளியிலிருந்து வந்த புள்ளி

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் தொடங்கிய செமினரியில் மேனாட்டுக் கணிதமும் வானியலும் படிப்பிக்கப்பட்டன. அதன் முதல்வராக இருந்தவர் டானியல் பூவர். 1829 மார்ச்சில் வந்த ஒரு சந்திர கிரகணத்தைப் பற்றி, பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியார் சொன்ன நேரத்துக்கும் பூவரின் கணக்குக்கும் வேறுபாடு இருந்தது. பூவர் ஊராரைக் கூட்டிவைத்துக்கொண்டு கிரகணத்தைப் பார்த்தார். அவர் சொன்னபடிதான் அது நடந்தது. அந்த வெற்றியை அவர் சைவத்துக்கு எதிரான பிரசாரமாக்கியதை நான் ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கையால் கணித்துவந்த ஒரு மரபை ஓர் இரவின் பிழையை வைத்து ஏளனம் செய்வது நியாயமும் இல்லை. ஆனால் நம் விடயத்துக்கு வேண்டிய ஒன்று அந்த இரவில் இருக்கிறது: ஆசிரியரின் கணக்கைச் சரிபார்த்தது அவருடைய கைக்கு எட்டாத ஒன்று. மாணவர் அதைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

அதே செமினரியில் படித்து அங்கேயே கணிதம் படிப்பித்தவர் கறோல் விசுவநாதபிள்ளை. தமிழில் ‘பீசகணிதம்’ எழுதி 1855 இல் வெளியிட்டார். செமினரி மூடப்பட்டதும் அந்த ஆண்டில்தான். பிறகு அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. தேர்வில் சித்தியடைந்தார்கள். படிப்பு வட்டுக்கோட்டையில், புள்ளி போட்டது கடலுக்கு அப்பால் சென்னையில். யாழ்ப்பாணக் கல்லூரிப் பிள்ளைகள் பின்னாளில் கல்கத்தாப் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்குத் தோற்றியபோதும் ஏற்பாடு அதுவே.

கொழும்புக்குப் போன பிறகும் இது மாறவில்லை. உரும்பிராயில் 1895 இல் பிறந்து ஒக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியில் கணிதம் படித்த செ. சுந்தரலிங்கம், 1921 இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். 1940 இல் அந்தப் பதவியை விட்டு அரசியலுக்குப் போனார். அந்த அரசியலைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை, அது வேறு கதை. அவருடைய மாணவர்கள் எழுதியது இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சையை. பேராசிரியர் எவ்வளவு கடுமையானவராக இருந்தாலும், பரீட்சை மண்டபத்துக்குள் அவரும் மாணவனும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். மாணவன் தோற்றால் அது அவருக்கும் தோல்வி.

அந்தக் கல்லூரியில் படித்து இலண்டன் பட்டம் பெற்றவர்களில் ஒருவர் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் பழைய மாணவர் கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர். கேம்பிரிட்ஜில் பி. ஏ. எம். டிராக்கின் கீழ் ஆய்வு செய்தார். மின்னேற்றம் கொண்ட துகள் கதிர்வீசிக்கொண்டே இயங்குவதை விளக்கும் டிராக்கின் சமன்பாட்டை ஐதரசன் அணுவுக்குப் பிரயோகித்து, எலக்ட்ரோன் கருவில் போய் விழும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சமன்பாட்டின்படி நிறைவேறாது என்று 1943 இல் காட்டியவர். அவருடைய ஆசிரியர் டிராக்கைப் பற்றிய மாணவர் கருத்துகள் சுவையானவை. டிராக் வகுப்பில் சொன்னது பெரும்பாலும் 1930 இல் வந்த தன்னுடைய புத்தகத்தில் இருந்ததையே, அந்த வசனங்களிலேயே. தெளிவாகச் சொல்ல எது சிறந்த வழி என்று யோசித்துத்தானே எழுதினேன், பிறகு எதற்கு மாற்றவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அந்தத் தெளிவை வாழ்நாள் முழுக்கச் சொல்லிச்சொல்லி வியந்தவர்கள் உண்டு. வீட்டிலிருந்து புத்தகத்தை வாசித்திருக்கலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. இன்றைய மதிப்பீட்டுப் படிவத்தில் ‘மாணவருடன் கலந்துரையாடுகிறாரா’ என்ற கட்டத்தில் டிராக்குக்கு என்ன கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது இலண்டன் விலகிக்கொண்டது. எலியேசர் அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த 1950களில், படிப்பித்தவர்களே கேள்வி தயாரித்து அவர்களே திருத்தும் முறை வேரூன்றிவிட்டது. வினாத்தாளை இன்னொருவர் பார்ப்பது, விடைத்தாளை இரண்டாவது ஒருவரும் திருத்துவது, பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் போடுவது என்று காவல்கள் வைத்தார்கள். அவை இன்றைக்கும் இருக்கின்றன. ஆனாலும் மாணவனின் கண்ணில் ஆசிரியர் மேசையின் மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

உயர்தரம் பழக்கிய பழக்கம்

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இந்த மாற்றம் மற்றவர்களைவிட உறைப்பதற்குக் காரணம் ரியூட்டரி. பாடசாலையைவிட ரியூட்டரியில்தான் இணைந்த கணிதம் உயிரோடிருக்கிறது என்று பெற்றோரே சொல்லும் ஊர் இது. ரியூட்டரிச் சேர் பிள்ளையின் கட்சி. எதிரி என்று ஒருவர் இருந்தால் அது பத்தரமுல்லைப் பெலவத்தையில் இருக்கும் பரீட்சைத் திணைக்களம். இருபது வருடத்துக் கடந்தகால வினாத்தாள்களைத் தலைகீழாகப் படித்து, இந்த வருடம் என்ன வரும் என்று மோப்பம் பிடித்து, எந்த வரியை எழுதினால் எத்தனை புள்ளி என்று சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அதில் நம்மவர்கள் மகா சூரர்கள்.

உயர்தர இணைந்த கணிதப் பரீட்சையின் அமைப்பும் அதற்கு வாய்ப்பானது. மூன்று மணித்தியாலத் தாள்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் பத்துக் குறுங்கேள்விகள், ஒன்றுக்கு 25 புள்ளி. ஏழு பெருங்கேள்விகளில் ஐந்து, ஒன்றுக்கு 150 புள்ளி. தாள் ஒன்றுக்கு மொத்தம் 1000. அந்த 150 உம் ஐந்து ஐந்தாகப் படிமுறைகளுக்குப் பிரிந்துபோகும். விடை பிழைத்தாலும் சூத்திரத்துக்கு ஐந்து, பிரதியீட்டுக்கு ஐந்து என்று பொறுக்கலாம். பிறகு புள்ளித்திட்டமே புத்தகமாக வருகிறது. தனக்கு எங்கே போனது என்று பிள்ளை தானே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பிள்ளை விஞ்ஞான பீடத்துக்கு வருகிறது. முதலாம் வருடம், மெய்யெண் பகுப்பாய்வு. கேள்வி இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் எண்வரிசையின் எல்லை பூச்சியம் என நிறுவுக. ஐந்து புள்ளி.

பிள்ளைக்குச் சிரிப்பு வரும். உயர்தரத்தில் இதைக் கேள்வியாகவே கேட்கமாட்டார்கள். எழுதிவிட்டுப் போகிற வரி அது. கீழெண் பெரிதாகப் பெரிதாகப் பின்னம் சிறிதாகிறது, முடிவிலியில் பூச்சியம், ஆகவே எல்லை பூச்சியம். மூன்று வரி. திரும்பி வந்த தாளில் ஐந்துக்கு ஒன்று. சிலவேளை அந்த ஒன்றும் இல்லை.

விரிவுரையாளர் எதிர்பார்த்தது வேறொன்று. யாராவது ஒருவர் எவ்வளவு சிறிய நேரெண்ணை எப்சிலன் என்று நீட்டினாலும், இந்த இடத்துக்கு அப்பால் வரும் ஒவ்வோர் உறுப்பும் பூச்சியத்திலிருந்து எப்சிலனைவிடக் குறைந்த தூரத்தில் இருக்கும் என்று ஓர் இடத்தைக் காட்டவேண்டும். 0.01 ஐ நீட்டினால் 101 ஆம் உறுப்பிலிருந்து என்று சொல்லவேண்டும். 100 ஆம் உறுப்பு சரியாக 0.01 ஆகவே இருக்கிறது. அது குறைவில்லை, அங்கிருந்து என்று எழுதினால் அரைப் புள்ளி போகலாம். 0.01 க்கு மட்டும் காட்டினாலும் போதாது. எந்த எப்சிலனுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று காட்டவேண்டும். அதற்கு, எந்த மெய்யெண்ணை எடுத்தாலும் அதைவிடப் பெரிய இயற்கையெண் ஒன்று உண்டு என்ற உண்மை வேண்டும். அந்த உண்மையை எங்கே பயன்படுத்தினேன் என்று சொல்லவும் வேண்டும். ஐந்து புள்ளியில் நான்கு இந்த நியாயத்துக்கே. ‘பூச்சியம்’ என்ற விடைக்குப் புள்ளியே கிடையாது, அது கேள்வியிலேயே தந்தாகிவிட்டது.

இதைத் திருத்தியவர் கஞ்சன் இல்லை. பெரிதாகப் பெரிதாகச் சிறிதாகிறது என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டால், 1 உடன் 1/2 ஐ, 1/3 ஐ, 1/4 ஐக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் எண்ணில் நின்றுவிடும் என்று அதே பிள்ளை அடுத்த மாதம் எழுதும். உறுப்புகள் சிறிதாகிக்கொண்டே போனாலும் அந்தக் கூட்டுத்தொகை ஓரிடத்திலும் நிற்பதில்லை. உள்ளுணர்வு இடறி விழும் இடத்தைக் கடக்கத்தான் நிறுவல். அதைப் பிள்ளையின் கையில் கொடுக்கத்தான் அந்தப் பாடமே இருக்கிறது.

ஆனால் திருத்தியவர் இவ்வளவையும் தாளில் எழுதினாரா? சிவப்புப் பேனையால் ஒரு கோடும், ஓரத்தில் ஒரு ஒன்றும் மட்டும் வந்திருந்தால், பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்றே: நான் சரியான விடை எழுதினேன், இவர் புள்ளி போடவில்லை. அந்தக் கணத்தில்தான் ‘மார்க் போடமாட்டார்’ என்ற பெயர் பிறக்கிறது. அடுத்த அணிக்கு அதை மூத்த மாணவர்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பிறகு அந்த விரிவுரையாளர் எத்தனை வருடம் எப்படிப் படிப்பித்தாலும் பெயர் போகாது.

புள்ளி என்றால் இங்கே என்ன

இந்தத் தீபகற்பத்தில் புள்ளி வெறும் எண்ணாக இருந்ததில்லை. 1970 இல், தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவருக்கு அள்ளிப் போடுகிறார்கள் என்று தெற்கில் ஒரு கதை கிளம்பியது. அது நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் 1971 அனுமதிக்கு வெட்டுப்புள்ளி மொழிவாரியாக வந்தது. நான்கு பாடத்துக்கு 400 புள்ளியில், பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250. கணிதம் படிக்கப் போகும் பௌதிக விஞ்ஞானத்துக்கு 183 உம் 204 உம். தரப்படுத்தல் என்று இங்குள்ள எவரும் சொல்லும்போது அந்த இடைவெளிகள் மனதில் இருக்கும். பிறகு மாவட்டக் கோட்டா வந்தது, 2001 இல் இசட் புள்ளி வந்தது. ஒவ்வொன்றையும் பற்றி வாதாட இன்னொரு கட்டுரை வேண்டும். இங்கே சொல்லவேண்டியது, ஒரு புள்ளியால் ஒரு குடும்பத்தின் போக்கே மாறியதைப் பார்த்து வளர்ந்த சமூகத்தில், ‘இந்த ஐந்து புள்ளியைப் பெரிதுபடுத்தாதீர்கள், கணிதத்தை இரசியுங்கள்’ என்று ஒரு பேராசிரியர் சொன்னால் அது பிள்ளையின் காதில் ஏறாது. பட்டத்தின் வகுப்பை முடிவுசெய்வது சராசரியின் தசமப்புள்ளிக்குப் பின்னால் உள்ள இரண்டாவது இலக்கம். வெளிநாட்டுப் புலமைப்பரிசிலும் அங்கேதான் தங்கியிருக்கிறது.

யாழ்ப்பாண வளாகம் 1974 இல் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு திறக்கப்பட்டது. அதன் விஞ்ஞான பீடத்தின் முதல் பீடாதிபதி ஒரு கணிதப் பேராசிரியர், பெ. கனகசபாபதி. எண் கோட்பாட்டில் ஆய்வு செய்து கேம்பிரிட்ஜ் மெய்யியற் கழகத்தின் இதழில் எழுதியவர். 1977 இல் காலமானார். பீடம் முதலில் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரி வளவில் இயங்கிப் பிறகே திருநெல்வேலிக்கு வந்தது. கறோல் விசுவநாதபிள்ளை பீசகணிதம் படிப்பித்த அதே ஊரில் தொடங்கியது என்பது எனக்கு எப்போதும் நிறைவு தரும் செய்தி.

அதற்குப் பிறகு வந்த வருடங்களைப் பற்றிச் சொல்லாமல் இங்கு எந்த விரிவுரையாளரையும் மதிப்பிட முடியாது. 1987 ஒக்டோபரில் வளாகத்துக்குள்ளேயே சண்டை நடந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே எழுந்து நடந்தது; பல்கலைக்கழகமும் அதோடு பெயர்ந்தது. ‘முறிந்த பனை’ நூலை எழுதிய நால்வரில் இருவர், ராஜன் ஹூலும் கே. ஸ்ரீதரனும், இங்கே கணிதம் படிப்பித்தவர்கள். உடனெழுதிய ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 இல் சுடப்பட்ட பின் அவர்களும் இங்கே இருக்க முடியாமற் போனது. மேற்படிப்புக்குப் போன பலர் திரும்பி வரவில்லை. எஞ்சியவர்கள் மின்சாரமில்லாத வருடங்களில், புதிய சஞ்சிகையோ புத்தகமோ வராத முற்றுகைக்குள், இருவர் மூவரின் பாடங்களை ஒருவராகச் சுமந்தார்கள். அவர்களிடம் படித்தவர்கள்தான் இன்றைய விரிவுரையாளர்களில் பலர். பழைய குறிப்பையே கரும்பலகையில் எழுதுகிறார் என்ற குறையைச் சொல்லும்போது, அந்தக் குறிப்பு எந்தக் காலத்தில் எப்படி எழுதப்பட்டது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தபின்னும், போர் முடிந்த 2009 க்குப் பிறகு இத்தனை வருடம் போய்விட்டது, இனியும் அது பதிலாகாது என்றே சொல்வேன்.

ஒரே மண்டபம், இரண்டு மனக்குறை

மொழி இன்னொரு முடிச்சு. உயர்தரம் முழுக்கத் தமிழில் படித்த பிள்ளைக்கு விஞ்ஞான பீடத்தில் விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில். வகையீட்டுக் கணக்கென்றால் சமாளித்துவிடலாம், குறியீடுகள் கைகொடுக்கும். நிறுவல் எழுதுவதற்கு வசனம் வேண்டும். ‘ஒவ்வோர் எப்சிலனுக்கும் ஓர் இடம் உண்டு’ என்பதற்கும் ‘ஓர் இடம் உண்டு, அது ஒவ்வோர் எப்சிலனுக்கும் பொருந்தும்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழில் சொன்னால் உடனே பிடிபடும். முதலாவது உண்மை, இரண்டாவது பொய். அதையே ஆங்கிலத்தில் எழுதப்போய்ச் சொற்களின் ஒழுங்கு புரண்டு, கணிதம் தெரிந்த பிள்ளை கணிதம் தெரியாத பிள்ளையாகத் தாளில் தெரிகிறது. புள்ளி கணிதத்துக்கா மொழிக்கா என்ற கேள்வி நியாயமானது.

ஐந்து நிமிடம் தமிழில் விளங்கப்படுத்தினால் என்ன என்று தமிழ் மாணவர் கேட்கிறார்கள். அதே மண்டபத்தில் இன்று தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர்கள் ஏராளம். விரிவுரையாளர் தமிழுக்கு மாறும் ஐந்து நிமிடமும் அவர்கள் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். நமக்குத் தெரியாத மொழியில் அலுவலகத்தில் நின்ற அனுபவம் இங்கே எல்லோருக்கும் உண்டு. அதை இன்னொரு பிள்ளைக்குச் செய்ய முடியாது. ஆகவே ஒரே விரிவுரையாளரைப் பற்றி ஒரு பக்கம் ‘எல்லாம் இங்கிலிஸ்’ என்றும் மறுபக்கம் ‘அடிக்கடி தமிழுக்குப் போய்விடுகிறார்’ என்றும் முறைப்பாடு வரும். இரண்டும் உண்மை. விரிவுரைக்கு வெளியே, சிறு குழுக்களாக, அவரவர் மொழியில் பயிற்சி வகுப்பு வைப்பதே இதற்கு வழியென்று எனக்குப் படுகிறது. மூத்த மாணவர்கள் பரீட்சைக் காலத்தில் நடத்தும் குப்பி வகுப்புகள் இதைத்தான் சம்பளமில்லாமல் செய்கின்றன.

படிவம் சொல்வதும் சொல்லாததும்

பாட முடிவில் மாணவரிடம் மதிப்பீட்டுப் படிவம் கொடுப்பது இலங்கைப் பல்கலைக்கழகங்களில் தர உறுதிப்பாட்டின் பகுதியாகிவிட்டது. ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டங்கள், கீழே கருத்து எழுத நான்கு கோடு. பெயர் எழுதத் தேவையில்லை. ஆனால் சிறப்புக் கணிதத்தில் ஒரு கைவிரல்களில் எண்ணுகிற அளவு பிள்ளைகளே இருக்கும் வகுப்புகள் உண்டு. அவர்களின் விடைத்தாள்களை வருடக்கணக்காகத் திருத்தியவருக்கு ஒவ்வொருவரின் எழுத்தும் தெரியும். சிக்மாவை யார் எப்படிச் சுழிப்பார் என்றுகூடத் தெரியும். அந்த நான்கு கோட்டில் மனம் திறந்து எழுத எந்தப் பிள்ளை துணியும்? அடுத்த அரையாண்டுத் தாளும் அவர் கையில், வெளிநாட்டு விண்ணப்பத்துக்கான சிபாரிசுக் கடிதமும் அவர் கையில். ஆகவே படிவத்தில் எல்லோருக்கும் நான்கு, ஐந்து. உண்மையான மதிப்பீடு சந்தியில்.

பயமில்லாமல் எழுதினாலும் அந்த எண்களை அப்படியே நம்பலாமா என்றால், அதுவும் இல்லை. இதை நன்றாகச் சோதித்த ஓர் ஆய்வு கணித வகுப்பைப் பற்றியதே. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில் 2000 முதல் 2007 வரை படித்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரின் பதிவுகளை ஸ்கொட் கரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் ஆராய்ந்து 2010 இல் வெளியிட்டார்கள். அங்கே யாரிடம் படிப்பது என்று மாணவர் தெரிவுசெய்ய முடியாது, குலுக்கல்போல் ஒதுக்கிவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். கணிதத்தில் ஒரு கேள்வியை எல்லாப் பிரிவுக்கும் ஒருவரே திருத்துவார். தொடக்க நுண்கணிதத்தில் மாணவருக்கு நல்ல புள்ளி வரச்செய்து மாணவரிடமும் நல்ல பெயர் வாங்கியவர்கள் பெரும்பாலும் அனுபவம் குறைந்த ஆசிரியர்கள். ஆனால் அவர்களிடம் படித்தவர்கள் அடுத்தடுத்த பாடங்களில் பின்தங்கினார்கள். அனுபவம் மிக்கவர்களிடம் படித்தவர்கள் அப்போது அவர்களுக்குக் குறைந்த மதிப்பீடே கொடுத்தார்கள்; மேல் வகுப்புகளில் முன்னுக்கு நின்றார்கள்.

ஆளைப் பார்த்து மாறும் மதிப்பீடும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் இணையவழி வகுப்பு ஒன்றில், மாணவர் முகமே பார்க்காத உதவி ஆசிரியர்கள் இருவர், ஆணின் பெயரிலும் பெண்ணின் பெயரிலும் மாறி மாறிப் படிப்பித்தார்கள். 2015 இல் வெளியான அந்தச் சிறு ஆய்வில், ஆணின் பெயருக்கு மதிப்பீடு உயர்ந்தது. ஒரே நேரத்தில் திருத்திக் கொடுத்த தாளுக்குக்கூட, உரிய நேரத்தில் தந்தார் என்ற புள்ளி ஆணுக்கே அதிகம். இங்கே இளம் பெண் விரிவுரையாளர்கள் நிறையப்பேர் கணிதம் படிப்பிக்கிறார்கள். ‘சேர் கண்டிப்பானவர், மிஸ் மூஞ்சிக்காரி’ என்று ஒரே குணத்துக்கு இரண்டு பெயர் வைக்கும் ஊரில் இந்த ஆய்வைத் தள்ளிவிட முடியாது. கனடாவின் ரொறொன்ரோவில் அப்போது ரையர்சன் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்தின் வழக்கொன்றில், ஆசிரியரின் பதவியுயர்வுக்குப் படிப்பிக்கும் திறனை அளக்க மாணவர் மதிப்பீட்டைப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 இல் நடுவர் தீர்ப்பளித்தார். அதற்கு எதிர்ப்பக்கமாக, நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் சுமார் 350 பேரில் 82 மாணவர் முறைப்பாட்டு மனுவில் கையெழுத்திட, சேதன இரசாயனத்தில் பெயர்பெற்ற முதிய பேராசிரியர் மெயிற்லண்ட் ஜோன்ஸ் 2022 இல் வேலையை இழந்தார். பாடம் கடினம், புள்ளி குறைவு என்பதே மனுவின் சாரம். மாணவரின் சொல்லைக் கேட்பதென்றால் ஆசிரியரின் கழுத்தில் கைவைப்பது என்று ஆகிவிட்டால், எல்லோருக்கும் ஏ போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கத்தான் ஆசிரியர்கள் பழகுவார்கள். அதன் நட்டம் நம் பிள்ளைகளுக்கே.

ஆகவே மாணவரின் கருத்தைத் தண்டனைக்கோ பதவியுயர்வுக்கோ வைக்காமல், திருத்தத்துக்கு வைக்கவேண்டும். பாடம் முடிந்தபின் வாங்கும் படிவம் எழுதிய பிள்ளைக்கு உதவாது. நான்காம் ஐந்தாம் கிழமையில், தட்டச்சில் அல்லது கைபேசியில், இரண்டு கேள்வி போதும்: எந்த இடத்தில் விளங்காமற் போனது, எது உதவியது. அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் விரிவுரையாளர் அதற்குப் பதில் சொல்லவேண்டும். மாற்ற முடியாததை ஏன் முடியாது என்றும் சொல்லவேண்டும். மாணவரும் ‘படிப்பிப்புச் சரியில்லை’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எப்சிலன் தந்தபின் இடத்தை எப்படித் தேடுவது என்ற படி விளங்கவில்லை என்று எழுதினால், மறுநாளே அதைத் திருத்தலாம். பட்டம் பெற்று இரண்டு வருடம் கழித்து இன்னொரு முறை கேட்கவேண்டும். வேலையிலோ மேற்படிப்பிலோ இருக்கும் அந்தப் பிள்ளைக்குப் பயமும் இல்லை, யாரிடம் கற்றது கையில் நின்றது என்பதும் தெரியும்.

புள்ளியைப் பொறுத்தவரை, பரீட்சைத் திணைக்களம் செய்வதைப் பல்கலைக்கழகம் செய்யக் கூசவேண்டியதில்லை. பரீட்சை முடிந்தபின் புள்ளித்திட்டத்தை வெளியிடலாம். முதலாம் வருடத்துப் பெரிய வகுப்புகளில், ஒரு கேள்வியை எல்லோருக்கும் ஒருவரே திருத்துவதும், அவர் அந்தப் பகுதியைப் படிப்பித்தவராக இல்லாமல் பார்த்துக்கொள்வதும் ஆளணி குறைந்த துறைக்குக்கூட இயலாத காரியமில்லை. அப்போது படிப்பித்தவர் மறுபடியும் பிள்ளையின் பக்கத்துக்கு வந்துவிடுவார்.

எல்லாவற்றுக்கும் முன்னால், முதலாம் வருடத்தின் முதலாவது இடைப்பரீட்சைத் தாளைக் காரணம் எழுதித் திருப்பிக் கொடுக்கவேண்டும். இருநூறு தாளில் ஒவ்வொன்றாக எழுத நேரமில்லை என்றால், ஐந்துக்கு ஐந்து வாங்கிய விடை ஒன்றையும், மூன்று வாங்கியதையும், ஒன்று வாங்கியதையும் பெயரில்லாமல் திரையில் போட்டு, எந்த வரியில் எது போனது என்று ஒரு மணித்தியாலம் பேசினால் போதும். அதற்குச் சுற்றறிக்கையும் வேண்டாம், செனற் சபையின் அனுமதியும் வேண்டாம். அடுத்த அணி வந்து முதல் தாள் எழுதிய கிழமையே தொடங்கலாம்.